தோட்டத்துச் சாளைக்குக் காமிரா: வயர், பெட்டி, டிஸ்க் தேர்வு செய்வது எப்படி?

ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாரின் செப்புக் கேபிளை இரவோடு இரவாக அறுத்துக்கொண்டு போவது கொங்குப் பகுதித் தோட்டங்களில் பழகிப்போன தொல்லையாகிவிட்டது. அறுப்பவனுக்குக் கிடைப்பது பழைய இரும்புக் கடையில் சில கிலோ செம்பின் விலை. விவசாயிக்கோ புதுக் கேபிள் செலவுடன், நின்றுபோன பாசனமும் நஷ்டம். பட்டியிலிருக்கும் ஆடு, களத்தில் குவித்த தேங்காய் என்று இந்தப் பட்டியல் நீளும். இவற்றையெல்லாம் விடக் கொடிய சம்பவங்களும் நடந்துவிட்டன. 2024 நவம்பரில் திருப்பூர் மாவட்டம் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் இருந்த ஒரே குடும்பத்தினர் மூவர் கொலை செய்யப்பட்டனர். 2025-ல் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்தில் தனியே வசித்த முதிய தம்பதியருக்கும் அதே கதி நேர்ந்தது. மக்கள் வெளியூரில் வேலை பார்க்க, வயதானவர்கள் மட்டும் சாளையில் இருக்கும் குடும்பங்கள் காமிரா பொருத்த முன்வருவதில் வியப்பில்லை.

ஆனால் காமிராவை மட்டும் வாங்கி மாட்டிவிட்டால் வேலை முடிந்துவிடாது. காமிரா பிடிக்கும் படம் ஒரு வழியாகப் பயணப்பட்டு, ஒரு பெட்டியில் சேர்ந்து, தேவைப்படும் நாள் வரை அழியாமல் இருக்கவேண்டும். பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான்.

படத்தை வீட்டிலேயே சேமிக்கும் முறை, இன்டர்நெட் மூலம் கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு அனுப்பிச் சேமிக்கும் முறை என இரு வகை உண்டு. இரண்டாவது முறைக்கு மாதச் சந்தா கட்டவேண்டும். தவிர, சிக்னல் நின்றால் பதிவும் நின்றுவிடும். செல்போன் கோபுரம் எட்டாத தோட்டங்களுக்கு வீட்டிலேயே சேமிப்பதுதான் ஏற்றது. இன்டர்நெட் இருந்தால் வெளியூரிலிருக்கும் மகனோ மகளோ செல்போனில் பார்க்கலாம். இல்லாவிட்டாலும் பதிவு பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும்.

எத்தனை காமிரா?

'தோட்டம் பூராவும் தெரிகிற மாதிரி' என்று கேட்பது தவறு. பரந்த காட்சியில் ஆள் நடமாட்டம் தெரியும், ஆள் யாரென்று தெரியாது. அறிமுகமில்லாத ஒருவரின் முகத்தை அடையாளம் காண, காட்சியின் அகலத்தில் மீட்டருக்கு 250 புள்ளிகள் வேண்டும் என்பது இத்துறையில் வழங்கும் அளவு. 2 மெகாபிக்சல் காமிராவின் படம் அகலவாட்டில் 1920 புள்ளிகள் கொண்டது. எனவே சுமார் 7½ மீட்டர், அதாவது 25 அடி அகலத்துக்குள் வரும் முகம்தான் தெளிவாகக் கிடைக்கும். வண்டி வந்து போகும் தடத்தின் வாசலுக்கு இது தாராளம். நாலு ஏக்கருக்கு இது எதற்கும் போதாது.

ஆகவே, திருடன் எந்த வழியாக வந்தாலும் கடந்தாக வேண்டிய இடங்களைத் தேர்வு செய்யவேண்டும். தடத்து வாசல், வீட்டின் முன்புறம், பின்கதவு, மாட்டுக் கொட்டகை ஆகிய நான்கு போதும். கிணறு தள்ளி இருந்தால் அதற்குத் தனியாக ஒன்று. வாசல் காமிராவை 15 அடி உயரத்தில் மாட்டினால் தொப்பியும் தலைப்பாகையும்தான் பதிவாகும். கை எட்டாத 9 அடி உயரம் போதுமானது.

வயரா, காற்று வழியா?

வயர் இழுக்க முடிந்த இடத்தில் வயர்தான் சிறந்தது. நெட்வொர்க் கேபிள் ஒன்றிலேயே படமும் மின்சாரமும் செல்லும் முறைக்கு 'பி.ஓ.இ.' என்று பெயர். இதற்கென உள்ள சுவிட்ச் பெட்டியிலிருந்து காமிராவுக்குத் தனி அடாப்டர் இல்லாமல் மின்சாரம் போய்ச் சேரும். சாதாரண சுவிட்ச் ஒரு துளைக்கு 15.4 வாட் வரை தரும். காமிரா ஒன்றுக்கு இது போதும். பதிவுப் பெட்டியிலேயே நான்கு பி.ஓ.இ. துளைகள் அமைந்த வகையும் கிடைக்கிறது. சுவிட்ச் தனியாக வாங்க வேண்டியதில்லை, வயரைச் சொருகினால் வேலை முடிந்தது. கணிப்பொறிப் பழக்கமில்லாத வீட்டுக்கு இதுவே சிலாக்கியம்.

இந்தக் கேபிளுக்கு 100 மீட்டர் எல்லை. அதற்கு மேல் நீட்டினால் உத்தரவாதம் இல்லை. சில சுவிட்ச்களில் வேகத்தைக் குறைத்து 250 மீட்டர் வரை அனுப்பும் வசதி உண்டு. விநாடிக்கு 10 மெகாபிட்தான் செல்லும் என்றாலும் ஒரு காமிராவுக்கு அதுவே மிகுதி. ஆனால் கேபிள் அசல் செம்பாக இருக்கவேண்டும்.

இங்கேதான் ஏமாற்று அதிகம். அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசிய கேபிள் மலிவாகக் கிடைக்கிறது. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. பிளேடால் கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். சுருளைத் தூக்கிப் பார்த்தாலும் எடை குறைவாக இருக்கும். இதில் மின்தடை அதிகமாகையால் தூரத்துக் காமிராவுக்கு மின்சாரம் போதாமல், இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும் நேரத்தில் காமிரா அணைந்து அணைந்து எரியும். திருடன் வரும் நேரமும் அதுதானே! கடையில் பில் போடும் முன் ஒரு முனையைச் சுரண்டிப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேபிளை மண்ணில் வெறுமனே புதைத்தால் எலி விடாது. சொட்டுநீருக்குப் போடும் கருப்புக் குழாயில் மீந்த துண்டுகள் இருந்தால் அவற்றுக்குள் விட்டு, கலப்பை எட்டாத ஆழத்தில் பதிக்கலாம். மோட்டார் கேபிள் செல்லும் அதே குழாயில் விடக்கூடாது.

கிணறு 200, 300 மீட்டர் தள்ளி இருந்தால், வெட்டவெளியில் எதிரெதிரே பொருத்தும் ஜோடி வயர்லெஸ் கருவிகள் உதவும். இவை சாதாரண வை-பை பெட்டி போல் நாலாபக்கமும் பரப்பாமல் ஒரே திசையில் அனுப்புவதால் இந்தத் தூரம் ஒரு பொருட்டல்ல. ஒரே நிபந்தனை, ஒன்றுக்கொன்று மறைவின்றித் தெரியவேண்டும். பச்சை இலையில் உள்ள நீர் அலையை விழுங்கிவிடும். சித்திரையில் காடு வெறுமையாகக் கிடக்கும்போது பொருத்திச் சரிபார்த்துவிட்டு, மக்காச்சோளமோ கரும்போ ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தபின் 'படம் வரவில்லை' என்று கம்பெனியைக் குறை கூறுவதில் பயனில்லை. பயிரின் முழு உயரத்துக்கும் மேலே குழாய்க் கம்பம் நட்டுப் பொருத்தவேண்டும். தென்னந்தோப்பில் மரத்தின் தலைக்கும் கீழே, அடிமரங்களுக்கு இடையே நேர்கோடு கிடைக்கிறதா என்று பார்ப்பது நலம்.

இடி அதிகம் விழும் பகுதிகளில் நீண்ட செப்புக் கேபிள் ஓர் ஆபத்து. அருகில் இடி விழுந்தாலே கேபிள் வழியாக மின்வீச்சு பாய்ந்து பெட்டியைக் கருக்கிவிடக்கூடும். கண்ணாடி இழைக் கேபிளில் மின்சாரம் பாயாது, தூரமும் தடையில்லை. இரு முனைகளிலும் மாற்றுக் கருவிகள் வேண்டும். கிணற்று முனையில் காமிராவுக்கு மின்சாரமும் தனியே வேண்டும். செலவு கூடுதல்தான். ஒரு முறை பெட்டி கருகியவர்கள் இதை யோசிக்கலாம்.

டிஸ்க் அளவு: தொட்டிக் கணக்குதான்

காமிராவை மோட்டாராகவும் டிஸ்க்கைத் தொட்டியாகவும் எண்ணிக்கொண்டால் கணக்கு எளிது. 2 மெகாபிக்சல் காமிரா, பழைய எச்.264 முறையில், விநாடிக்கு 4 மெகாபிட் அனுப்புவதாகக் கொள்வோம். 8 பிட் ஒரு பைட் ஆகையால் விநாடிக்கு அரை மெகாபைட், மணிக்கு 1800 மெகாபைட், நாளொன்றுக்கு 43 ஜிகாபைட். நான்கு காமிராவுக்கு 173 ஜிகாபைட். ஒரு டெராபைட் டிஸ்க் ஆறு நாளுக்குள் நிறைந்துவிடும். நிறைந்ததும் பழைய படம் அழிந்து அதன்மேல் புதியது பதிவாகும்.

எச்.265 என்னும் புதிய முறையில் அதே படம் ஏறத்தாழப் பாதி இடத்தில் அடங்கும். விநாடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால் நான்கு காமிராவுக்கு நாளைக்கு 86 ஜிகாபைட். 1 டெராபைட் 11 நாளும், 2 டெராபைட் 23 நாளும், 4 டெராபைட் 46 நாளும் தாங்கும். காமிரா, பெட்டி இரண்டுமே எச்.265 ஏற்பவையா என்று கேட்டு வாங்கவேண்டும்.

கடைக்கு ஒரு வாரப் பதிவு போதும். கல்லாவில் பணம் குறைந்தால் அன்று மாலையே தெரிந்துவிடும். தோட்டத்துக் கதை வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மூன்று வாரம் மோட்டார் போடாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் சுவிட்சைத் தட்டும்போதுதான் கேபிள் போனதே தெரியவரும். அதற்குள் படம் அழிந்திருந்தால் காமிரா இருந்தும் இல்லாததற்குச் சமம். எனவே நான்கு காமிராவுக்கு 2 டெராபைட்டுக்குக் குறையக்கூடாது. வசதியிருப்பவர்கள் 4 டெராபைட்டாகப் போட்டுவிடலாம்.

அசைவு தெரியும்போது மட்டும் பதிவு செய்யும் ஏற்பாட்டில் இடம் மிச்சமாகும் என்பார்கள். தோட்டத்தில் காற்றடித்தால் தென்னை ஓலை ஆடும், நாய் ஓடும், விளக்கருகே பூச்சி பறக்கும். எல்லாமே அசைவுதான். பகலில் அசைவுப் பதிவும் இரவு முழுவதும் தொடர் பதிவும் வைப்பது நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய பழைய டிஸ்க்கைப் போட்டுச் சமாளிக்க எண்ணவேண்டாம். இரவு பகலாக எழுதிக்கொண்டே இருக்கும் வேலைக்கென்று தனி டிஸ்க் தயாராகிறது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் 'பர்ப்பிள்', சீகேட்டின் 'ஸ்கைஹாக்' ஆகியவை இவ்வகை. காமிராவுக்குள்ளேயே போடும் சிறு மெமரி கார்டுக்கும் இது பொருந்தும். 'ஹை எண்டூரன்ஸ்' என்று அச்சிட்ட கார்டையே வாங்கவேண்டும். வாசல் காமிராவில் மட்டுமாவது ஒரு கார்டு போட்டுவைத்தால், பெட்டியையே தூக்கிச் சென்றாலும் படம் மிஞ்சும்.

பெட்டியை மோட்டார் ரூமில் வைப்பது கூடாது. சூடு, தூசி, ஈரம், அதிர்வு எல்லாம் டிஸ்க்குக்கு எமன். நடுவீட்டில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தால் திருடன் கண்ணில்தான் முதலில் படும். உள்ளறைப் பரணில், காற்றோட்டத் துளையுள்ள மரப்பெட்டிக்குள் பூட்டி வைப்பது மேல்.

மின்சாரம் நின்றால்?

நான்கு காமிரா, பெட்டி, சுவிட்ச் எல்லாம் சேர்ந்து சுமார் 40 வாட்தான் இழுக்கும். வீட்டு இன்வெர்டரில் நல்ல நிலையிலுள்ள 150 ஆம்பியர்-மணி பேட்டரி இருந்தால், வேறு பளு இல்லாதபோது 15 மணி நேரத்துக்குக் குறையாமல் தாங்கும். பம்புசெட்டுக்குத் தரப்பட்ட இலவச இணைப்பிலிருந்து காமிராவுக்கு எடுப்பதற்கு முன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது அவசியம்.

கிணற்றடிக் காமிராவுக்குச் சூரிய ஒளித் தகடு போதும். 5 வாட் காமிரா நாளுக்கு 120 வாட்-மணி எடுக்கும். மழைக்காலத்தில் இரண்டு நாள் வெயில் இல்லாமல் ஓட 12 வோல்ட், 42 ஆம்பியர்-மணி பேட்டரியும் 75 வாட் தகடும் வேண்டும். தகட்டையும் பேட்டரியையுமே திருடிக்கொண்டு போகிற காலம் இது. காமிராவின் பார்வைக்குள் படும்படி உயரமாகப் பொருத்திவிடவேண்டும்.

கடவுச்சொல்லும் கடிகாரமும்

பெட்டியைப் பொருத்துபவர் போட்டுத்தரும் கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிடவேண்டும். 2016-ல் 'மிராய்' என்னும் கம்ப்யூட்டர் நச்சு, கம்பெனி வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட காமிராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் ஆயிரக்கணக்கில் கைப்பற்றி, அமெரிக்காவில் பல இன்டர்நெட் சேவைகளையே முடக்கிப்போட்டது. வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று வெளியாள் பார்த்துக்கொள்ள வழி செய்துவிட்டால், காமிரா திருடனுக்கே துணையாகிவிடும். பி.ஐ.எஸ். பதிவு எண் உள்ள காமிராவையே வாங்குவதும், 'ஆன்விஃப்' முறை ஏற்பதா என்று கேட்பதும் நலம். இம்முறையை ஏற்கும் காமிராவும் பெட்டியும் வேறு வேறு கம்பெனியாக இருந்தாலும் பொதுவாகச் சேர்ந்து வேலை செய்யும்.

இன்டர்நெட் இல்லாத பெட்டியில் கடிகாரம் மெல்ல மெல்லப் பிசகும். மாதம் ஒரு முறை செல்போன் நேரத்துடன் ஒப்பிட்டுச் சரிசெய்யவேண்டும். அதே நாளில் காமிரா முகப்பைத் துணியால் துடைத்து, சிலந்தி வலையை எடுத்துவிடுவது நலம். அகச்சிவப்பு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், வலை கட்டிவிட்டால் இரவுப் படம் முழுவதும் வெள்ளைப் புகையாகத் தெரியும்.

களவு போனது தெரிந்ததும் முதல் வேலை, அந்த நேரத்துப் பதிவைப் பென் டிரைவில் எடுத்து வைப்பது. பெட்டியைக் கழற்றவோ டிஸ்க்கை எடுக்கவோ வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலிருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவின்படி, இத்தகைய பதிவின் நகலைக் கோர்ட்டில் தாக்கல் செய்யச் சான்றிதழ் இணைக்கவேண்டும். புகார் எழுதும்போதே பெட்டி எங்கே உள்ளது, யார் பொறுப்பில் உள்ளது, கடிகாரம் எத்தனை நிமிடம் முன்பின்னாக உள்ளது என்பதையும் குறிப்பிட்டு, போலீசார் வந்து பார்க்கும் வரை பழைய பதிவு அழியாமல் பூட்டி வைக்கும் வசதி பெட்டியில் இருந்தால் அதைப் போட்டுவிடவேண்டும்.