கரண்ட் நின்றால் சூரியத் தகடும் நிற்க வேண்டும்

உச்சி வெயிலில் லைனில் கரண்ட் நின்றுவிடுகிறது. உடனே பம்பு செட்டும் நிற்கிறது. வெயில் இருந்தும் சூரியத் தகடுகள் ஏன் வேலை செய்யவில்லை என்று விவசாயிகள் பலர் கேட்கிறார்கள். இது பழுது அல்ல. உயிர் காக்கும் ஏற்பாடு.

2019-இல் மத்திய அரசு தொடங்கிய குசும் திட்டத்தின் ஒரு பிரிவு, ஏற்கெனவே மின் இணைப்புள்ள பம்பு செட்டுகளுக்குத் தகடு பொருத்த வழி செய்தது. இவ்வமைப்பில் மோட்டாருக்குப் போக மிஞ்சும் மின்சாரம் லைனுக்குச் செல்கிறது.

தனித்தீவு ஆபத்து

லைன் துண்டிக்கப்பட்ட பிறகும் தகடுகளின் மின்சாரம் ஒரு பகுதிக் கம்பிகளில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால், அதைத் தனித்தீவு என்பர். 11,000 வோல்ட்டைக் குறைத்துத் தரும் டிரான்ஸ்பார்மர், வயலிலிருந்து திரும்பி ஏறும் 400 வோல்ட்டை 11,000 வோல்ட்டாக உயர்த்திவிடும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பம் ஏறும் லைன்மேனுக்கு அதுவே எமன். அறுந்து வரப்பில் கிடக்கும் கம்பியும் ஆளைக் கொல்லும். வோல்ட்டேஜ் கட்டுமீறி, பக்கத்து வயல் மோட்டாரும் கருகலாம்.

கண்டுபிடிக்கும் விதம்

இன்வர்ட்டர், வோல்ட்டேஜையும் வினாடிக்கு 50 சுற்று என்ற அலைவெண்ணையும் இடைவிடாமல் கவனிக்கிறது. அளவு மீறினால் நின்றுவிடும். ஆனால் தகடுகள் தருவதும் மோட்டார்கள் இழுப்பதும் சரிசமமாக இருந்தால் அளவு மாறாது, இன்வர்ட்டர் ஏமாந்துவிடும்.

இதற்கும் வழி உண்டு. இருட்டில் மாடு கட்டுத்தறியில் இருக்கிறதா என்று அறியக் கயிற்றைச் சற்று இழுத்துப் பார்ப்பதுண்டு. மாடு இருந்தால் கயிறு விறைக்கும். இல்லாவிட்டால் கையோடு வரும். அதுபோல இன்வர்ட்டரும் அலைவெண்ணைச் சிறிது தள்ளிப் பார்க்கிறது. லைன் இருந்தால் அது அசையாது. இல்லாவிட்டால் விலகிப்போய் அளவைத் தாண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி, தனித்தீவு உண்டான 2 வினாடிக்குள் இன்வர்ட்டர் மின்சாரம் தருவதை நிறுத்த வேண்டும். லைன் திரும்பி 60 வினாடி நிலையாக இருந்த பின்னரே மீண்டும் இணைய வேண்டும்.

விவசாயிகள் கவனத்துக்கு

1. தனித்தீவுத் தடுப்புக்கான ஐ.எஸ். 16169 சோதனையில் தேறிய சான்று உள்ள இன்வர்ட்டரையே வாங்க வேண்டும்.

2. அமைப்பை ஒப்படைக்கும் நாளில், நல்ல வெயிலில் லைன் சுவிட்சை அணைத்து இன்வர்ட்டர் உடனே நிற்பதைக் காட்டும்படி பொருத்துபவரிடம் கேட்க வேண்டும்.

3. பூட்டு போடக்கூடிய துண்டிப்பு சுவிட்ச், லைன்மேன் எளிதில் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

4. இன்வர்ட்டர் அடிக்கடி நின்றால் மெக்கானிக்கிடம் சொல்லி அளவுகளை மாற்றக் கூடாது. லைன் வோல்ட்டேஜ் கூடியிருக்கலாம். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் புகார் தர வேண்டும்.

5. கரண்ட் இல்லாதபோதும் நீர் இறைக்க வேண்டுமானால், லைனிலிருந்து முற்றிலும் பிரிந்த பிறகே மோட்டாரை ஓட்டும் கருவியை வாங்க வேண்டும். டீசல் ஜெனரேட்டருக்கும் மாற்று சுவிட்ச் கட்டாயம்.

6. இன்வர்ட்டர் நின்றாலும், வெயில் உள்ளவரை தகடுகளிலிருந்து வரும் கம்பிகளில் மின்சாரம் இருக்கும். அவற்றைத் தொடக் கூடாது.

ஒரு மணி நேரம் பாய்ச்சல் தாமதமானால் மறுநாள் ஈடுசெய்யலாம். கம்பத்தில் போன உயிரை யாரும் மீட்க முடியாது.