மணத்திற்குச் சேமிப்பு, மனைக்கு முதலீடு

சேமிப்பு, முதலீடு என்னும் இரு சொற்களையும் நாம் ஒரு பொருளிலேயே வழங்கி வருகிறோம். ஆயினும் குடும்பக் கணக்கில் இவற்றை வேறு பிரித்துக் காண்பது நலம். செலவு போக எஞ்சியதை, வேண்டும் நாளில் குறையாமல் கைக்கு வரும்படி வைத்திருப்பது சேமிப்பு. குறையவும் கூடும் என்பதை ஏற்றுக்கொண்டு, பெருக்கத்தை நாடி ஒரு தொழிலிலோ உடைமையிலோ பணத்தை ஈடுபடுத்துவது முதலீடு. இவற்றுள் எது சிறந்தது என்று கேட்பவரிடம், எதற்கு வேண்டும், எப்பொழுது வேண்டும் என்று நாம் திருப்பிக் கேட்கவேண்டும்.

கோவையின் வடபால், சத்தி சாலையை ஒட்டியது கணபதி. வார்ப்பகங்களும் லேத்துப் பட்டறைகளும் மிகுந்த இடம். அங்கே வேலை செய்யும் இளைஞர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். மாதம் 10,000 ரூபாய் அவரால் ஒதுக்க முடிகிறது. இரண்டு ஆண்டுகளில் திருமணம். பதினைந்து ஆண்டுகளில் சொந்த வீடு. இவை அவருடைய இரு நோக்கங்கள்.

திருமணம் நாள் குறித்த செலவு. மண்டபத்துக்கும் சமையலுக்கும் அன்றே பணம் தரவேண்டும். சந்தை சரிந்தது என்பதற்காக முகூர்த்தத்தைத் தள்ளிவைப்பார் உண்டோ? அவர் மாதம் 6,000 ரூபாயை வங்கியில் தொடர் வைப்பாகக் கட்டுகிறார் என்க. 24 மாதங்களில் முதல் 1,44,000 ரூபாய். வட்டி 6 விழுக்காடு என்று கொண்டால், அது ஒன்பதாயிரத்தைச் சற்றே மிஞ்சும். அதே பணம் வேறிடத்தில் 12 விழுக்காடு ஈட்டினும் கூடுதலாகக் கிடைப்பது சுமார் பத்தாயிரமே. அச்சிறு ஊதியத்துக்காக அவர் எதைப் பணயம் வைக்கிறார் என்று பாருங்கள். மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் குறியீட்டெண் 2008 சனவரியில் 21,000-ஐத் தொட்டது. அக்டோபர் இறுதியில் 9,000-க்கும் கீழே இறங்கியது. அவ்வாண்டு ஐப்பசியில் முகூர்த்தம் வைத்துப் பங்குகளை நம்பியிருந்தவரின் நிலையை நான் விளக்க வேண்டுவதில்லை.

வீட்டின் கணக்கு வேறு. மீதி 4,000 ரூபாயை மாதந்தோறும் 15 ஆண்டுகள் இட்டால் முதல் மட்டும் 7,20,000 ரூபாய். 6 விழுக்காட்டில் அது ஏறத்தாழ 11,63,000 ஆகும். 12 விழுக்காட்டில் ஏறத்தாழ 19,98,000 ஆகும். பின்னது உறுதியானதன்று, கணக்குக்காகக் கொண்டதே. ஆயினும் இரண்டு ஆண்டுகளில் பத்தாயிரமாக இருந்த வேறுபாடு இங்கே எட்டு இலட்சத்தைக் கடந்துவிட்டது. வட்டிக்கு வட்டி சேரும் ஆற்றல் காலம் நீள நீளத்தான் தெரியும். விலைவாசியும் அவ்வாறே. ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறும் விலை பன்னிரண்டு ஆண்டுகளில் இரட்டிக்கும். ஆகவே நெடுங்காலத்துக்குப் பணத்தைக் குறைந்த வட்டியில் முடக்கி வைப்பதும் ஒருவகை இழப்பே. சந்தை வீழ்ந்தாலும் வீடு காத்திருக்கும். சென்செக்ஸ் மீண்டும் 21,000-ஐ எட்ட 2010 நவம்பர் வரை சென்றது.

கொங்கு நாட்டிலே இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது ஒன்றுண்டு, அது ஏலச்சீட்டு. இருபது பேர் மாதம் 5,000 ரூபாய் கட்டினால் தொகை ஓர் இலட்சம். பணம் தேவைப்படுபவர் 20,000 தள்ளி எடுத்தால் அவர் கைக்கு வருவது 80,000. நடத்துபவரின் கழிவு 5,000 போக, எஞ்சிய 15,000 இருபது பேருக்கும் தலைக்கு 750 ஆகப் பிரியும். முன்னே எடுப்பவருக்கு அது கடன். கடைசியில் எடுப்பவருக்குச் சேமிப்பு. முகூர்த்தம் முந்தினால் எடுத்துக்கொள்ளலாம் என்பதே அதன் கவர்ச்சி. ஆனால் 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற சீட்டா என்று முதலில் பார்க்கவேண்டும்.

தங்கத்தைப் பற்றிப் பொதுவாகச் சொல்வது ஒன்று. மணவீட்டில் அது வேறு. தாலியும் நகையும் வேண்டும் என்று முடிவாகிவிட்டால், தேவைப்படுவது ரூபாயன்று, பவுன். ஆகவே அந்தப் பங்குக்கு மட்டும் சிறிது சிறிதாகத் தங்கமே வாங்குவதுதான் விலையேற்றத்துக்குக் காப்பு. நாணயமாக வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் குறையும்.

சேமிப்பின் உறுதியையும் முதலீட்டின் பெருக்கத்தையும் ஒருங்கே தருவதாக யாரேனும் சொன்னால் அங்கே நிற்கவேண்டும். பெருந்துறை வட்டாரத்தில் ஈமு கோழித் திட்டங்கள் அப்படித்தான் வந்தன. பணம் கட்டினால் குஞ்சும் தீவனமும் தருவோம், மாதந்தோறும் தொகையும் தருவோம் என்றார்கள். அந்த ஊதியத்தைத் தாங்கும் அளவுக்கு ஈமு இறைச்சியை வாங்குவோர் இல்லை. 2012-இல் திட்டங்கள் சரிந்தன. முதலீட்டாளர் நலப் பாதுகாப்புக்கென 1997-இல் தமிழ்நாடு இயற்றிய சட்டத்தின்படி, கோவையிலுள்ள தனி நீதிமன்றத்துக்கு வழக்குகள் சென்றன. கட்டியவர்களுள் உழவர் பலர்.

நம் இளைஞருக்கு இன்னும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. பன்னிரண்டாம் ஆண்டு முடியும்போது அவருடைய வீடும் நாள் குறித்த செலவாக மாறத் தொடங்கும். முப்பது இலட்சத்துக்கு மேல் கடன் கேட்பவருக்கு வங்கி பொதுவாக வீட்டு விலையில் 80 விழுக்காட்டுக்கு மேல் தருவதில்லை. எஞ்சியதும் பத்திரச் செலவும் கையிலிருந்தே வரவேண்டும். எனவே கடைசி மூன்று ஆண்டுகளில் அவர் பங்குகளிலிருந்து சிறிது சிறிதாக எடுத்து வங்கி வைப்புக்கு மாற்றுவார். ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரையே வைப்புக் காப்பீடு உண்டு என்பதால், அதனை இரண்டு மூன்று வங்கிகளில் பிரித்து வைப்பார்.