வீட்டிலேயே படிக்க வைக்கிறீர்களா?

"பிள்ளையப் பள்ளிக்கூடம் அனுப்பலைன்னா கேஸ் போட்ருவாங்களா?" ஜூன் பிறந்தால் சேலம், நாமக்கல் பக்கம் இப்படிக் கேட்கிற பெற்றோர் உண்டு. ராசிபுரம், திருச்செங்கோடு விடுதிப் பள்ளிகளின் மதிப்பெண் ஓட்டத்தைப் பார்த்துச் சலித்தவர்கள். 'பிராய்லர் பள்ளி' என்று ஊர் பேர் வைத்தது சும்மா இல்லையே!

2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. தவறும் பெற்றோருக்கு அதில் தண்டனை எதுவும் இல்லை. வீட்டுக் கல்வியை அங்கீகரிக்கும் தனிச் சட்டமும் இல்லை. ஆக, கேஸ் வராது. சான்றிதழும் தானாக வராது.

சரி, வீட்டில் எப்படிச் சொல்லிக் கொடுப்பது? மூன்று சிறுசுகள் இருந்தால் மூன்று வகுப்பு நடத்த வேண்டியதில்லை. கோழிப்பண்ணை வீட்டில் ஒரு முட்டை அட்டை போதும். கடைக்குட்டி ஒவ்வொன்றாக எண்ணட்டும். நடுவுள்ளவள் வரிசைக்கு 5, ஆறு வரிசை, மொத்தம் 30 என்று பெருக்கட்டும். மூத்தவன் அன்றைய விலைக்கு நாலு அட்டைக்குக் கணக்குப் போடட்டும். ஆனால் அதே மூத்தவன் பகலெல்லாம் ஷெட்டில் முட்டை பொறுக்கினால் அது படிப்பல்ல. 14 வயதுக்குட்பட்டவர் குடும்பத் தொழிலில் கைகொடுக்கலாம், அதுவும் பள்ளி நேரம் போக, விடுமுறையில், ஆபத்தில்லாத வேலையில் மட்டும் என்கிறது 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம். 'வீட்டில்தான் படிக்கிறான்' என்பது தறிக்கூடத்துக்கும் போர்வையாகிவிடக் கூடாது.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து, ஃபீஸ் வாங்கி, பள்ளி மாதிரியே நடத்த ஆரம்பித்தால் கதை வேறு. அங்கீகாரமில்லாத பள்ளிக்கு ரூ.1 லட்சம் வரை அபராதம். தொடர்ந்தால் நாளொன்றுக்கு ரூ.10,000.

உண்மையான இழப்பு பின்னால் தெரியும். மருத்துவம், பொறியியலில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும், புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் ரூ.1,000 கல்லூரி உதவித்தொகைக்கும் ஆறாம் வகுப்பிலிருந்தே பள்ளிப் பதிவைப் பார்ப்பார்கள். அரசு வேலையில் தமிழ்வழிக்கான 20 சதவீதத்துக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே சான்று கேட்பார்கள். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

வீட்டில்தான் என்று முடிவெடுத்தவர்கள் முதலில் பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 3, 5, 8-ஆம் வகுப்புக்கு இணையான நிலைகள் உண்டு. பத்தாம் வகுப்புக்கு 14 வயது ஆகியிருக்க வேண்டும். தமிழக அரசின் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்கு 12½ வயது.

நடுவில் மனம் மாறினால்? டி.சி. இல்லையே என்று தயங்க வேண்டாம். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு. வயதுச் சான்று இல்லை, ஜூன் தாண்டிவிட்டது என்றெல்லாம் திருப்பி அனுப்பக் கூடாது. அனுப்பினால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417.

என் கருத்து இது: ஐந்தாம் வகுப்பு வயது வரை வீட்டில் சொல்லிக் கொடுக்கலாம். ஆறாம் வகுப்புக்கு உங்கள் ஊர் அரசுப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள்.