வெப்பத்தை இறைக்கும் பொறியும் வீட்டு மின்கம்பியும்

தண்ணீர் தானாகப் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும். மேட்டுக்கு ஏற்ற வேண்டுமானால் பம்புசெட் வேண்டும். வெப்பத்தின் இயல்பும் அதுவே. சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு அது தானே செல்லும். எதிர்த்திசையில் செலுத்த ஒரு பொறி தேவை. அத்தகைய பொறியால் கட்டடங்களைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் இயலும் என்று, பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர்பெற்ற வில்லியம் தாம்சன் 1852-ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். குளிர்நாட்டார் வெளிக்காற்றின் வெப்பத்தை வீட்டுக்குள் இறைத்துக்கொள்கின்றனர். பேராவூரணியில் நாம் மாட்டும் ஏ.சி.யும் அதே இனந்தான். வீட்டின் வெப்பத்தை வெளியே இறைக்கிறது, அவ்வளவே.

இயந்திரம் வாங்கப் பத்துக் கடை ஏறி இறங்குகிறோம். அதற்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஒன்றரை டன் ஏ.சி. முழுவேகத்தில் ஓடுகையில் ஏறத்தாழ ஏழு ஆம்பியர் இழுக்கும். விளக்குக்கும் விசிறிக்கும் போட்ட மெல்லிய கம்பியில் அதைத் தொடுத்தால் கம்பி சூடேறிக் காப்புறை உருகும். ஆகவே மீட்டர் பலகையிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியைத் தனியே இழுத்து, தனி எம்.சி.பி. பொருத்துதல் வேண்டும். மின்சுமையை உயர்த்த மின்வாரிய அலுவலகத்தில் விண்ணப்பிப்பதையும் மறக்கலாகாது.

எனினும் உயிர்காப்பது எர்த் கம்பியே. ஏ.சி.யின் இரும்புக் கூட்டில் மின்சாரம் கசிந்தால் அதை மண்ணுக்குள் இறக்குவது அதுதான். எம்.சி.பி. இருக்கிறதே என்பார் பலர். இங்கே ஒரு கணக்கைப் பார்ப்போம். எர்த் குழியின் தடை 20 ஓம் என்று கொள்க. 230 வோல்ட்டில் மண்ணுக்குப் பாய்வது 11.5 ஆம்பியர்தான். 20 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு அசையாது, கூட்டில் மின்சாரம் நின்றுகொண்டேயிருக்கும். மனிதனைக் கொல்லவோ ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும்! போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டு, 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே இமைப்பொழுதில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இதனாலேயே இன்றியமையாதது. அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்த்தல் நலம்.

கோடையில் மண் காய்ந்தால் எர்த் குழியின் தடை ஏறும். சேதுபாவாசத்திரம் பக்கத்து மணற்பாங்கான நிலத்தில் சொல்லவே வேண்டாம். தென்னைக்கு நீர் பாய்ச்சுவோர் குழிக்கும் இரண்டு குடம் ஊற்றலாமே.

குழி வெட்டச் சோம்பி, நியூட்ரல் கம்பியையே எர்த் முனையில் முடிந்துவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. இது கொடிது. நியூட்ரல் எங்கேனும் அறுந்தால் ஏ.சி.யின் கூடு முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும். 2018 நவம்பர் 16 விடியலில் வீசிய கஜா புயல் இப்பகுதியின் தென்னைகளோடு மின்கம்பங்களையும் சாய்த்ததை நாம் மறக்கவில்லை. புயல் அறுக்கும் கம்பிகளில் நியூட்ரலும் ஒன்றன்றோ!

மாடியில் வெளிப்பெட்டி நிற்கும் இரும்புத் தாங்கியில் துணி காயக் கம்பிக்கொடி கட்டியிருக்கிறார்கள் பல வீடுகளில். ஈரத்துணியோடு இல்லத்தரசி அதைத்தான் தொடுகிறார். அந்தக் கம்பியை இன்றே அவிழ்த்து, நைலான் கயிற்றை வேறு தூணில் கட்டுங்கள்.