காய் நம்முடையது, விதி யாருடையது?

2024 மார்ச் 1ஆம் தேதி வெளியான சர்வதேச செஸ் ரேட்டிங் பட்டியலில், சென்னையில் ஆடும் பெரும்பாலான பிள்ளைகளின் எண்கள் ஒரே இரவில் ஏறியிருந்தன. முந்தின நாள் 1500 இருந்தவருக்கு 1700. 1200 இருந்தவருக்கு 1520. ஒரு ஆட்டம்கூட ஆடாமல் வந்த ஏற்றம். சந்தோஷப்பட வேண்டிய செய்திதானே என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றும். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் பயிற்சி வகுப்பு முடியும்வரை வாசலில் காத்திருக்கும் பெற்றோருக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளையின் பல வருட உழைப்பை அளந்து சொன்ன கோலையே யாரோ மாற்றிவிட்டார்கள் என்பதுதான் அவர்களுடைய ஆதங்கம். அதில் நியாயம் இருக்கிறதா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2000க்குக் கீழே இருந்த ஒவ்வொருவருக்கும், 2000க்கும் அவருடைய ரேட்டிங்குக்கும் இடையில் உள்ள தூரத்தில் 40 சதவீதத்தை உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே கூட்டிக் கொடுத்தது. கீழே இருந்தவர்களுக்கு நிறைய, மேலே இருந்தவர்களுக்குக் கொஞ்சம். 1900 வைத்திருந்தவர் 1940 ஆனார். 1500 வைத்திருந்தவர் 1700 ஆனார். இருவருக்கும் நடுவே 400 புள்ளி இருந்தது, 240 ஆகச் சுருங்கிவிட்டது. அந்த 400 புள்ளியைச் சம்பாதிக்க ஒரு பிள்ளை பள்ளி விடுமுறையையெல்லாம் போட்டி அரங்குகளில் கழித்திருக்கும். கீழ் வரம்பும் மாறியது. 2012 முதல் 1000 ஆக இருந்தது 1400 ஆனது. இனி 1400க்குக் கீழே சரிந்தால் பட்டியலில் பெயருக்கு எதிரே எண்ணே இருக்காது.

உண்மையில் கையைச் சுட்டது இன்னொரு இடத்தில். நம் ஊரில் '1600க்குக் கீழ்', '1800க்குக் கீழ்' என்று ரேட்டிங் வரம்பு வைத்துப் பரிசுப் போட்டிகள் நடக்கின்றன. வளரும் ஆட்டக்காரர்கள் தம் தரத்தில் உள்ளவர்களோடு மோதிப் பரிசும் பெறக்கூடிய இடம் அதுதான். பிப்ரவரியில் 1500 வைத்திருந்த பிள்ளை '1600க்குக் கீழ்' போட்டியில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும். மார்ச்சில் அதே பிள்ளை 1700. அந்தப் போட்டியின் கதவு மூடிவிட்டது. கணக்கைத் திருப்பிப் போட்டால், புதிய பட்டியலில் 1600 என்பது பழைய பட்டியலின் 1333. போட்டியின் பெயர் மாறவில்லை, உள்ளே இருப்பவர்கள் மாறிவிட்டார்கள். பெயர் கொடுத்து, பணம் கட்டி, ரயில் டிக்கெட்டும் எடுத்து வைத்திருந்த குடும்பம் எரிச்சல்படாமல் என்ன செய்யும்?

ஆனாலும் இந்த மாற்றம் தேவைப்பட்டது என்றே நினைக்கிறேன். ரேட்டிங் என்பது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறும் புள்ளி. வேகமாக முன்னேறும் சிறுவர்கள் தாழ்ந்த எண்ணோடு நுழைந்து, தங்களைவிட உயர்ந்த எண் வைத்திருப்பவர்களைத் தோற்கடித்துப் புள்ளிகளை எடுத்துக்கொள்கிறார்கள். கொரோனா காலத்தில் இது முற்றிவிட்டது. போட்டிகள் நின்றன, பிள்ளைகள் வீட்டிலிருந்து இணையத்தில் ஆடிப் பலம் பெற்றார்கள், அவர்களுடைய எண் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது. அரங்குகள் திறந்தபோது 1200 என்று அட்டை வைத்திருந்த பத்து வயதுக் குழந்தை 1700க்கு உரிய ஆட்டம் ஆடியது. எதிரே உட்கார்ந்த வங்கி ஊழியரோ கல்லூரி மாணவரோ போட்டிக்குப் போட்டி புள்ளி இழந்தார். இந்தியா மாதிரி சிறுவர்கள் அதிகம் ஆடும் நாட்டில் இந்தச் சரிவு வெளிப்படையாகத் தெரிந்தது. அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜெஃப் சோனாஸ் தரவுகளை அலசி இந்தத் திருத்தத்தை முன்வைத்தார். 2023லேயே ஃபிடே அதை வெளியிட்டு, கருத்தும் கேட்டது. நோய் உண்மை, மருந்தும் சரி. ஆனால் அந்த அறிவிப்பு தி.நகரில் மகளை வகுப்புக்குக் கூட்டிப்போகும் அம்மாவின் காதுக்கு எட்டவில்லை.

விதி மாறும்போது வரும் இந்த வருத்தம் செஸ்ஸுக்கு மட்டும் உரியதல்ல. யானை, குதிரை, தேர், காலாள் என்று நால்வகைப் படையைப் பலகையில் நிறுத்திய நம் சதுரங்கத்தின் வம்சம் பெரியது. 1780இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் ஹெல்விக் என்பவர் செஸ் பலகையை விரித்துப் பெரிதாக்கி, காலாட்படை, குதிரைப்படை, பீரங்கி எல்லாம் வைத்து ஒரு போர் விளையாட்டை உருவாக்கினார். 1824இல் ரைஸ்விட்ஸ் என்பவர் உருவாக்கிய வடிவத்தைப் பிரஷ்ய ராணுவமே அதிகாரிகளின் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. 1913இல் நாவலாசிரியர் எச்.ஜி.வெல்ஸ் பொம்மைச் சிப்பாய்களை வைத்து வீட்டில் ஆடும் விதிகளை எழுதினார். அந்த வரிசையில் 1983இல் இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனம் கொண்டுவந்ததுதான் 'வார்ஹாமர்'. பூதங்களும் குள்ளர்களும் மந்திரவாதிகளும் மோதும் கற்பனை உலகப் போர்.

அதில் காய்கள் விரலளவு பொம்மைகள். துண்டு துண்டாக வரும். வெட்டி எடுத்து, பசை போட்டு ஒட்டி, மெல்லிய தூரிகையால் கண்ணும் கவசமும் தீட்ட வேண்டும். ஒரு படை தயாராக மாதக்கணக்கில் ஆகும். அப்படிச் சேர்த்த படையைச் சதுர அடித்தட்டுகளில் வரிசையாக நிறுத்தி முப்பது வருடம் ஆடிவந்தார்கள். 2015இல் நிறுவனம் அந்தக் கற்பனை உலகையே கதையில் அழித்துவிட்டு 'ஏஜ் ஆஃப் சிக்மார்' என்ற புதிய ஆட்டத்தை வெளியிட்டது. தடிமனான விதிப் புத்தகம் போய் நாலு பக்கம் வந்தது. அடித்தட்டு வட்டமாகிவிட்டது. எந்தப் படைக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கே இல்லை. அது இல்லாமல் இரண்டு படையும் சமபலமா என்று எப்படி முடிவு செய்வது? எதிராளியைவிடப் பெரிய மீசை வைத்திருந்தால் பகடையை மறுபடி உருட்டலாம் என்பது மாதிரி விதிகளும் இருந்தன. பல வருடம் தீவிரமாக ஆடியவர்களுக்கு இது அவமதிப்பாகப் பட்டது. ஒருவர் தன் படையையே தீ வைத்துக் கொளுத்திப் படம் எடுத்து வெளியிட்டார்.

பாட்டி காலத்திலிருந்து வீட்டுக் கொலுவில் நிற்கும் மரப்பாச்சியை இந்த நவராத்திரி முதல் படியில் ஏற்றக் கூடாது என்று, பொம்மை விற்ற கடைக்காரர் வந்து சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? அந்தக் கோபம்தான் அது. அடுத்த ஆண்டே, 2016இல், புள்ளிக் கணக்கு திரும்ப வந்தது. பழைய சதுரத் தட்டுப் படைகளுக்கு இடம் தரும் 'தி ஓல்ட் வேர்ல்ட்' 2024 ஜனவரியில்தான் வந்தது. நடுவில் எட்டரை வருடம். இதற்குப் பிறகும் நிறுவனம் பாடம் கற்றதாகத் தெரியவில்லை. ஏறத்தாழ மூன்று வருடத்துக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது. 2018இல் விற்பனைக்கு வந்த வீரர்களில் ஒரு பெரும் பிரிவு 2024இல் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டது. பொம்மை விற்பவரே விதியும் எழுதும்போது ஆட்டக்காரரின் நலன் பின்னால் போய்விடுகிறது. செஸ்ஸில் அந்த ஆபத்து இல்லை, காயை யாரும் காலாவதியாக்க முடியாது.

இதைவிடப் பெரிய விதி மாற்றத்தை மெட்ராஸ் ஒரு காலத்தில் சந்தித்திருக்கிறது. இன்று பலருக்கும் அது மறந்துவிட்டது. நம் திண்ணைகளில் ஆடிய செஸ்ஸும் இப்போது ஆடும் செஸ்ஸும் ஒன்றல்ல. ஊருக்கு ஊர் வித்தியாசம் இருந்தாலும், பரவலாக இருந்த நாட்டு முறையில் சிப்பாய் முதல் நகர்வில் இரண்டு கட்டம் பாயாது, ஒரு கட்டம்தான். கோட்டை கட்டுவது கிடையாது. அதற்குப் பதிலாக, அதுவரை செக் வாங்காத ராஜா ஆட்டத்தில் ஒரே ஒரு முறை குதிரை மாதிரித் தாவலாம். கடைசி வரிசையைத் தொட்ட சிப்பாய் நினைத்தபடி ராணியாக முடியாது. யானை நிற்கும் கட்டத்தில் போய்ச் சேர்ந்தால் யானை, குதிரையின் கட்டத்தில் சேர்ந்தால் குதிரை.

ஐரோப்பிய விதி வந்தபோது நம்மவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள் என்று நினைத்தால் தவறு. திருவேங்கடாசாரிய சாஸ்திரி சமஸ்கிருதத்தில் எழுதிய செஸ் நூல், ஐரோப்பிய முறைக்கு ஏற்ப அமைக்கப்பட்டு, 1814இல் பம்பாயில் ஆங்கிலத்தில் அச்சானது. 1829இல் மெட்ராஸிலிருந்தே ஒரு நூல் வந்தது. மெட்ராஸுக்கும் ஹைதராபாத்துக்கும் நடந்த செஸ் பந்தயத்தில் மெட்ராஸ் தரப்பை வழிநடத்திய குலாம் காசிம், மெட்ராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த ஜேம்ஸ் காக்ரேனோடு சேர்ந்து, முசியோ கேம்பிட் என்ற அதிரடித் தொடக்கத்தை அலசிய நூல் அது. ஒரு குதிரையையே பலி கொடுத்துத் தாக்கும் ஆட்டம் அது. அதில் ஒரு கிளைக்கு இன்றைக்கும் குலாம் காசிம் பெயர்தான். இந்த ஊர்க்காரர் ஒருவர் புதிய விதியில் கிட்டத்தட்ட இருநூறு வருடத்துக்கு முன்பே உலகத்துக்குப் பாடம் எழுதியிருக்கிறார். அவர் பெயர் இந்த நகரில் இன்னும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

பழைய பழக்கம் புதிய விதிக்குள் புகுந்து புதுசாக ஒன்றை உண்டாக்கிய கதையும் உண்டு. ஒரு கட்டம் மட்டுமே நகரும் சிப்பாயோடு வளர்ந்தவருக்குப் பலகையின் நடுவை அவசரமாகப் பிடிக்கத் தோன்றாது. குதிரைக்கு நேர் முன்னால் நிற்கும் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, மந்திரியைக் குறுக்கே நீளப் பார்க்க வைத்து, எதிராளி நடுவுக்கு வரட்டும் என்று காத்திருப்பார். 1850களில் கல்கத்தாவில் மகேஷ்சந்திர பானர்ஜி, ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வழக்கறிஞருக்கு எதிராக இப்படித்தான் ஆடினார். 'இந்தியத் தற்காப்பு' என்ற பெயர் அங்கிருந்து வந்தது. இன்று அடையாறில் ஒரு குழந்தை கிங்ஸ் இந்தியன் பாடம் படிக்கும்போது, கைவிடப்பட்ட ஒரு விதியின் நடையைத்தான் படிக்கிறது.

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. பஞ்சாபில் நாட்டு முறையில் வளர்ந்த மீர் சுல்தான் கான் இங்கிலாந்து போய் 1929, 1932, 1933 என மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார், முன்னாள் உலக சாம்பியன் காபபிளாங்காவையே வென்றார். ஆனாலும் சிறு வயதில் படிக்காத தொடக்க ஆட்டங்கள் கடைசிவரை அவரைத் தொந்தரவு செய்தன. ஃபிடே அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் தந்தது 2024இல், அவர் இறந்து ஐம்பது வருடங்களுக்கும் மேலான பிறகு.

1960கள்வரைகூட நாட்டு முறை நம்மிடையே உயிரோடு இருந்தது. சர்வதேச முறையைப் பரப்ப மெனக்கெட்டவர்களில் முக்கியமானவர் மானுவல் ஆரோன். 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர்; ஒன்பது முறை தேசிய சாம்பியன். சும்மா விதியைச் சொல்லிவிட்டுப் போகாமல், குழுக்கள் அமைத்து, புத்தகம் பார்த்து ஆடப் பழக்கினார். 1972இல் சோவியத் கலாச்சார மையத்தில் தொடங்கிய தால் செஸ் கிளப்பில் புத்தகங்களும் கடிகாரங்களும் கிடைத்தன. அம்மா சுசீலாவிடம் செஸ் கற்ற விஸ்வநாதன் ஆனந்த் அங்கே ஆடித்தான் வளர்ந்தார். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். மெட்ராஸில் இந்த மாற்றம் பிடித்ததற்குக் காரணம், புதிய விதியோடு அதைக் கற்றுத்தர ஆளும் இடமும் சேர்ந்தே வந்ததுதான். இழப்பும் இருந்தது. நாட்டு முறையை முழுதாக ஆடத் தெரிந்தவர்களை இன்று தேட வேண்டியிருக்கிறது. அதற்கென்று வருடத்துக்கு ஒரு போட்டியாவது மயிலாப்பூரில் நடந்திருக்கலாம்.

விதியின் உள்ளடக்கத்தைவிட அது வரும் நேரம் அதிகமாகப் புண்படுத்துகிறது. 2023 டிசம்பரில் சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டி குறுகிய கால அறிவிப்பில் லீலா பேலஸில் நடந்தபோது, உலக சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியின் தகுதிக்காக அவசரமாக ஏற்பாடு செய்தது என்று வெளிநாட்டில் முணுமுணுத்தார்கள். அன்று இருந்த விதி அதை அனுமதித்தது. குகேஷ் அதில் வென்று, கேண்டிடேட்ஸுக்குப் போய், 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனார். 2025இல் நடந்தது வேறு. ரேட்டிங் வித்தியாசம் 400ஐத் தாண்டினாலும் 400 என்றே கணக்கிடும் சலுகை, 2650உம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அக்டோபர் 1 முதல் ரத்தானது. மிகவும் பலவீனமானவர்களைத் தோற்கடித்துப் புள்ளி சேர்ப்பதைத் தடுக்கும் நல்ல விதிதான். ஆனால் அடுத்த கேண்டிடேட்ஸின் ரேட்டிங் இடத்துக்கான கணக்கு ஆகஸ்டிலேயே தொடங்கி ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டத்தின் நடுவே கோட்டைத் தள்ளி வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அடுத்த சுழற்சியில் கொண்டுவந்திருக்கலாம்.

பெற்றோருக்கு இப்போது தெரிந்திருக்க வேண்டியவை இவை. 18ஆவது பிறந்தநாள் வரும் ஆண்டின் முடிவுவரை, 2300க்குக் கீழ் இருக்கும் பிள்ளைக்கு ஒவ்வொரு ஆட்டத்திலும் எதிர்பார்த்த முடிவுக்கும் வந்த முடிவுக்கும் உள்ள வித்தியாசம் 40ஆல் பெருக்கப்படும். பெரியவர்களுக்கு அது பொதுவாக 20. அதனால் மூன்று மோசமான போட்டிகளைப் பார்த்துப் பதற வேண்டாம், மூன்று நல்ல போட்டிகளில் திரும்பி வரும். புதிதாக ரேட்டிங் பெறும்போது 1800 ரேட்டிங் உள்ள இரண்டு கற்பனை எதிராளிகளோடு டிரா செய்ததாகச் சேர்த்துத்தான் முதல் எண் வரும்; அதனால் அது கொஞ்சம் கூடுதலாகவே தெரியலாம். பட்டியல் மாதத்தின் முதல் தேதி மாறும். வரம்பு வைத்த போட்டிக்குப் பணம் கட்டுவதற்கு முன், எந்த மாதப் பட்டியலை வைத்து அனுமதிப்பார்கள் என்பதை அமைப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.