சுண்டக் குழம்பும் சுவர் நிறமும்

அயனம்பாக்கத்திலிருந்து ஒரு வாசகரின் கேள்வி. புது ஃப்ளாட்டில் ஹாலுக்கு வெளிர் சந்தனம், படுக்கையறைக்கு இளம்பச்சை, பிள்ளைகள் அறைக்கு இளநீலம் அடித்திருக்கிறார்கள். ஷேட் கார்டில் மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்களாம். அங்கே மூன்றும் அக்கா தங்கைகள் மாதிரி இருந்தன. சுவருக்கு வந்ததும் மூன்று வெவ்வேறு வீடுகளிலிருந்து ஒவ்வோர் அறையாகப் பெயர்த்துக் கொண்டுவந்து ஒட்டியது போல ஆகிவிட்டதாம். பெயிண்டர் கலவையில் ஏதோ செய்துவிட்டார் என்று அவருக்குச் சந்தேகம். பெயிண்டர் பாவம், அவர் மேல் குற்றமில்லை. வாசகரின் ரசனையிலும் குற்றமில்லை. குற்றம் ஷேட் கார்டில் இருக்கிறது. ஒரு நிறம் தனியாக எப்படி இருக்கும் என்பதை மட்டுமே அது சொல்லும். அதே நிறம் நான்கு சுவராக நின்று தன்னைத் தானே பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பது அதற்குத் தெரியாது.

இந்த இடத்தில் வீட்டு அலங்கார வீடியோக்கள் ஒரு சூத்திரம் கொடுக்கும்: 60 பங்கு ஒரு நிறம், 30 பங்கு இன்னொன்று, 10 பங்கு மூன்றாவது. கேட்க அறிவியல் போலத்தான் இருக்கிறது. ஆனால் இது யாரும் அளந்து கண்டுபிடித்த விகிதம் அல்ல, கை பழகியவர்கள் சொல்லிவைத்த தோராயம். அதிலும், 60 பங்கு சுவரிலிருந்து கிளம்பும் வெளிச்சம் மீதி 40 பங்கின் மேல் விழுந்து அதையும் தன் நிறமாக்கிவிடும் என்ற கணக்கு இதில் கிடையாது. ‘அடுத்த ஆண்டின் நிறம்’ என்று ஒவ்வொரு டிசம்பரிலும் பேன்டோன் நிறுவனம் அறிவிப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். சுவரில் அடித்த பெயிண்டுக்கு ஆண்டு தெரியாது. அதற்குத் தெரிந்தது எந்த வெளிச்சத்தில் எவ்வளவைத் திருப்பி அனுப்புவது என்பது மட்டும்தான்.

அந்தக் கணக்கைப் பார்ப்போம், சுவையே அதில்தான். வாசகரின் ஹால் சுவர், தன்மேல் விழும் சிவப்பு ஒளியில் 100-க்கு 80-ஐயும், நீல ஒளியில் 100-க்கு 60-ஐயும் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் நாலுக்கு மூன்று; வசதிக்காக 12-க்கு 9 என்போம். ஷேட் கார்டு காட்டியது இதைத்தான். ஆனால் சுவரில் பட்ட ஒளி நேராக நம் கண்ணுக்கு வந்து சேருவதில்லை. பெரும்பகுதி எதிர்ச் சுவருக்குப் போகிறது, அதுவும் அதே பெயிண்ட். அங்கே 80-இல் 80 விழுக்காடு, அதாவது 64 சிவப்பு மிஞ்சும். 60-இல் 60 விழுக்காடு, அதாவது 36 நீலம்தான் மிஞ்சும். மூன்றாம் சுவரில் 51-க்கு 22. இப்படித் துள்ளித் துள்ளிப் போகும் எல்லாவற்றையும் கூட்டினால், ஜன்னலே இல்லாமல் ஆறு பக்கமும் இந்த ஒரே பெயிண்ட் அடித்த பெட்டிக்குள் சிவப்பு 400, நீலம் 150. அதாவது 24-க்கு 9. கார்டில் 12 ஆக இருந்தது 24 ஆகிவிட்டது. உண்மையான ஹாலில் ஜன்னல் உண்டு, வெள்ளைக் கூரை உண்டு, டைல்ஸ் தரை உண்டு; ஆகவே 24 வரை போகாது. ஆனால் 12-இல் நிற்கவும் செய்யாது. சுவர்கள் கூடும் மூலையில் நிறம் கொஞ்சம் கூடுதலாகத் தேங்கி நிற்பதற்கும் இதுவே காரணம்.

இது சுண்டக் குழம்பு. முந்தின நாள் மீன் குழம்பை மறுநாள் சூடு பண்ணினால் தண்ணீர் வற்றும், உப்பும் புளியும் அப்படியே இருக்கும். மறுபடி சூடு பண்ணினால் இன்னும் ஏறும். ஒவ்வொரு துள்ளலும் ஒரு கொதி. மொத்த வெளிச்சம் குறையும், நிறம் ஏறும். வெள்ளைக் கூரை என்பது நடுவில் ஊற்றும் வெந்நீர். திறந்த ஜன்னல், கொதிக்கும்போதே கரண்டியால் எடுத்துக் கொட்டிவிடுகிற அவசரக்கார மாமியார். கறுப்பு சோஃபா, சட்டியில் இருக்கும் ஓட்டை. (இதற்கு மேல் போனால் மீன் எது என்று யாராவது கேட்பீர்கள், நிறுத்திக்கொள்கிறேன்.) குழம்பில் தெரியாத ஒரு வேடிக்கை வெளிச்சத்தில் உண்டு. அதே சந்தன நிறத்தை அடர்த்தியாக, சிவப்பில் 40-ம் நீலத்தில் 30-ம் மட்டும் திருப்புகிற பெயிண்டாக எடுத்துக்கொண்டால் விகிதம் அதே 12-க்கு 9 தான். ஆனால் பெட்டிக்குள் கூட்டிப் பார்த்தால் அது 14-க்கு 9-இலேயே நின்றுவிடுகிறது. அடர் சுவர் ஒளியைச் சீக்கிரம் தின்றுவிடுவதால் துள்ளல்கள் குறைவு. வெளிர் சுவர் ஒளியை விடாமல் பந்தாடுவதால் நிறம் மேலும் மேலும் ஏறுகிறது. ஆக, ‘எதற்கும் லைட்டாகவே எடுத்துக்கொள்வோம், தப்பாகாது’ என்ற நம் வழக்கமான எச்சரிக்கைதான் கார்டுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அதிகமாக்குகிறது. வாசகரின் மூன்று வெளிர் நிறங்களும் அவரவர் அறைக்குள் அவரவர் திசையில் சுண்டிப் போயின. கார்டில் ஒட்டி நின்ற சகோதரிகள் வீட்டில் பிரிந்து போனது அப்படித்தான்.

சட்டியில் நாம் உப்புப் போடுவதற்கு முன்பே யாரோ போட்டுவிட்டார்கள் என்றால்? அயனம்பாக்கத்தில் ஏரியைப் பார்த்து ஜன்னல் வைத்திருக்கும் சிலரை விட்டுவிடுங்கள். வானகரம்–அம்பத்தூர் சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெருக்களில் ஜன்னலைத் திறந்தால் நாலைந்து அடியில் பக்கத்து வீட்டுச் சுவர். வெயில் நேராகப் படும் வெளிர்நிறச் சுவர், கண்ணுக்கு நீல வானத்தைவிடப் பிரகாசமானது. அந்த அறைக்குச் சூரியன் என்பதே அந்தச் சுவர்தான். அவர்கள் ஆரஞ்சு அடித்திருந்தால் உங்கள் இளநீலத்துக்குள் வருவது ஆரஞ்சு வெளிச்சம். நீலம் சாம்பலாகச் செத்துப்போகும். ‘வடக்கு ஜன்னல் அறையில் நாளெல்லாம் நிழலான குளிர்ந்த வெளிச்சம், அதனால் மஞ்சள் சார்ந்த நிறம் அடியுங்கள்’ என்று புத்தகங்கள் சொல்வது லண்டனுக்குச் சரி. சென்னை 13 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது, காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலுக்குள் சாய்வெயிலே வரும். இறக்குமதி செய்த இந்த அறிவுரை நம் கோடையில் தலைகீழாகிவிடுகிறது.

நியாயமான ஆட்சேபம் ஒன்று உண்டு. கண் காமிரா அல்லவே. மஞ்சள் வெளிச்சத்திலும் வெள்ளைத் தாள் வெள்ளையாகத்தானே தெரிகிறது, மூளை இதையெல்லாம் கழித்துக்கொள்ளாதா? கழித்துக்கொள்கிறது, மிக நன்றாகவே. ஓர் அறையில் ஓரிரு நிமிடம் இருந்தால் அதன் வெளிச்சத்துக்குக் கண் பெருமளவு பழகிவிடும். இளம்பச்சை அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் அது எந்தக் குறையும் சொல்லாது. ஹாலிலிருந்து படுக்கையறைக்குப் போக மூன்று விநாடி போதும் என்பதுதான் சிக்கல். கால் வேகமாகப் போய்விடுகிறது, கண் ஹாலிலேயே இருக்கிறது. அதைவிட மோசமானது நிலைவாசல். ஹாலில் உட்கார்ந்து திறந்த கதவு வழியே பார்க்கும்போது இரண்டு வெளிச்சங்கள் ஒரே பார்வையில் விழுகின்றன. கண்ணால் ஒரே சமயத்தில் இரண்டுக்கும் முழுதாகப் பழக முடியாது. ‘அறைகள் ஒட்டவில்லை’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் அறைகளைப் பற்றி அல்ல, நிலைவாசல்களைப் பற்றி. வீடு மொத்தமும் ஒரே நிறமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு நிலைவாசல் வழியே சேர்ந்து தெரிகிற இரண்டு வெளிச்சங்கள் நெருங்கியிருந்தால் போதும். என் வாதம் இவ்வளவுதான்.

வரலாறு இல்லாமல் விட்டால் ஆசிரியர் விடமாட்டார். பாரிஸில் கோப்லான் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவை நடத்திய வேதியியலாளர் ஷெவ்ரல், கறுப்புச் சாயம் சரியில்லை என்ற புகாரை ஆராயப் போய், கோளாறு சாயத்தில் அல்ல, பக்கத்தில் இருக்கும் நிறத்தில் என்று கண்டு 1839-இல் பெரிய புத்தகம் போட்டார். சுவருக்குச் சுவர் துள்ளும் ஒளியைக் கணினியில் கணக்குப் போட்டு, வண்ணச் சுவர்கள் கொண்ட ஒரு பெட்டியைப் படமாகக் காட்டியது 1984-இல் கார்னெல் பல்கலைக்கழகம். அனிமேஷன் படங்களில் அறைகள் நிஜம் போலத் தெரிவதற்கு அந்தக் கணக்கின் வாரிசுகளும் ஒரு காரணம். போதும்.

பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள், எல்லாரும் வேலைக்குப் போய்விட்டு இரவில்தானே சுவரைப் பார்க்கிறோம் என்றால், அப்போது நிலைமை இன்னும் மோசம். ஹாலின் ஃபால்ஸ் சீலிங்கில் 3,000 கெல்வின் மஞ்சள் விளக்கு, படுக்கையறையில் 6,500 கெல்வின் வெள்ளை டியூப் என்று இருந்தால், இரண்டிலும் ஒரே பெயிண்ட் அடித்தாலும் நிலைவாசலில் சண்டைதான். இன்னொரு நுட்பமும் உண்டு. நாம் வாங்கும் வெள்ளை எல்இடி பெரும்பாலும் 450 நானோமீட்டர் அளவில் நீல ஒளி விடும் சில்லு. அதன்மேல் பூசிய பாஸ்பர், நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக்குகிறது. அடர் சிவப்பு அதில் குறைவாக இருக்கலாம். விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான மதிப்பெண்ணாக, டப்பாவில் சிஆர்ஐ 80 என்று பெருமையாகப் போட்டிருக்கும். அந்த எண் எட்டு மென்மையான நிறங்களை வைத்து எடுத்த சராசரி. அடர் சிவப்பு அந்த எட்டில் சேர்த்தி இல்லை. அதனால்தான் நல்ல மதிப்பெண் வாங்கிய விளக்கின் கீழும் குங்குமச் சிவப்பு மெத்தை விரிப்பு மங்கித் தெரியலாம். கடை விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு துணிகள் வெயிலில் வேறாகிவிடும் என்பதை அறிய நம் ஊரில் ஆய்வகம் தேவைப்படவில்லை. புடவையையும் பிளவுஸ் பிட்டையும் கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிடித்துப் பார்க்கும் பெண்கள் இந்த இயற்பியலைத் தலைமுறைகளாகச் சரியாகச் செய்துவருகிறார்கள். அதே வீட்டுக்காரர்கள் 20 லிட்டர் எமல்ஷனை மட்டும் உள்ளங்கை அகல அட்டையைப் பார்த்து, கடையின் டியூப்லைட்டில் முடிவு செய்வது ஏன் என்பது எனக்கு விளங்காத விஷயம்.

பழைய வீடுகளுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. பொங்கலுக்குப் பொங்கல் ஒரே தொட்டிச் சுண்ணாம்பு, அதில் கொஞ்சம் நீலம். வாசல் முதல் கொல்லை வரை ஒரே பூச்சு, ஒரே சிவப்புச் சிமெண்டுத் தரை. எந்த நிலைவாசலிலும் வெளிச்சம் மாறவில்லை. அந்த ஒற்றுமை கலைஞானத்தால் வந்தது என்று ஏங்கத் தேவையில்லை; வேறு எதுவும் வாங்க வழியில்லாததால் வந்தது. செட்டிநாட்டு வீடுகளில் ஆத்தங்குடிக் கற்கள் பூக்கோலமாக விரிந்தும் வீடு கலையாமல் நிற்பதற்கு, மேலே வழுவழுத்த வெள்ளைச் சுவர் நிற்பது பெரிய காரணம். நிறம் தரையில் இருக்க, மேலே சுண்டுவதற்குச் சட்டி இல்லை. இன்று ஆளுக்கு ஓர் அறை, ஆளுக்கு ஒரு விருப்பம். பிள்ளைக்கு நீலம் வேண்டும், வாஸ்து பார்ப்பவர் மூலைக்கு ஒரு நிறம் சொல்கிறார். இரண்டையும் மறுக்க வேண்டியதில்லை. அந்த நிறத்தை நான்கு சுவருக்கும் கொடுக்காமல், ஹாலிலிருந்து தெரியாத, ஜன்னலுக்கு எதிரில் இல்லாத ஒரே சுவருக்குக் கொடுத்து, மீதி மூன்றையும் கூரையையும் வீடு முழுக்க ஒரே வெள்ளையாக விட்டால் நிறம் சுண்டுவதற்கு எதிரி கிடைத்துவிடும். அந்த ஒரு சுவர் அடர்த்தியாக இருந்தாலும் பயமில்லை, காரணம் மேலே கணக்கில் இருக்கிறது. ஒரு நிலைவாசலின் இரு பக்கமும் ஒரே கெல்வின் பல்பு போடுங்கள். பெயிண்டை மாற்றுவதைவிடப் பல மடங்கு மலிவு. வாசகரும் முதலில் இதைச் செய்து பார்க்கலாம், பாதிச் சண்டை ஓயக்கூடும்.

புதிதாக அடிக்கப் போகிறவர்கள் ஸ்டேஷனரி கடையில் ஒரு மஞ்சள் சார்ட் பேப்பர் வாங்கி, பாதியாக மடித்து, புத்தகம் போல ஜன்னலை நோக்கிக் கொஞ்சம் திறந்து பிடியுங்கள். மடிப்பின் உள்ளே தெரியும் மஞ்சள், வெளியே தெரியும் மஞ்சளைவிட ஒரு படி முற்றியிருக்கும். உங்கள் அறை அந்த மடிப்புக்குள் இருக்கிறது. ஷேட் கார்டில் பிடித்த நிறத்தை ஒரு சின்ன டப்பா வாங்கி இரண்டு அட்டைகளில் பூசி இதேபோல எதிரெதிரே பிடித்துப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். அதற்கும் முன்னால் ஜன்னலைத் திறந்து பக்கத்து வீட்டுச் சுவரைப் பாருங்கள். பொங்கலுக்கு அவர்கள் வேறு நிறம் அடிக்கும் யோசனையில் இருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.