மூக்கை நம்பி ரிக் இறக்காதீர்கள்!

2013-ல் சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டு போர்வெல்களில் தண்ணீரோடு எண்ணெயும் ஏறி வந்தது. மண்ணுக்கடியில் போன பாரத் பெட்ரோலியம் குழாய் கசிந்திருந்தது. விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. இதுபோன்ற இடங்களில் நஞ்சு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்பதை அறிய, துளை போட்டு மண்ணையும் நீரையும் எடுத்துப் பார்த்தாக வேண்டும். அந்தத் துளையின் வாயருகே நாள் முழுக்க நிற்பவர்கள், ரிக் எனப்படும் துளையிடும் இயந்திரத்தின் ஆபரேட்டரும் ஹெல்பரும்தான்.

மண்ணைத் துளைக்கும் ஆகர் சுழன்று ஏறும்போது அடிமண் கறுத்து, நசநசவென்று மேலே வந்து விழும். உள்ளே அடைபட்டிருந்த ஆவியும் கூடவே கிளம்பும். ராடு மாட்டக் குனியும் ஹெல்பரின் முகத்தில்தான் அது முதலில் அடிக்கும். பெட்ரோலில் இருக்கும் பென்சீன், ரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. அமெரிக்கச் சட்டப்படி, 8 மணி நேர வேலையில் சுவாசிக்கும் காற்றில் அது சராசரியாகப் பத்து லட்சத்தில் 1 பங்கைத் தாண்டக் கூடாது. 15 நிமிடச் சராசரி என்றால் 5 பங்கு. அந்த 1 பங்கு அளவில் பலருக்கு வாடையே தெரியாது.

ஹைட்ரஜன் சல்ஃபைடு இன்னும் மோசம். கொஞ்சமாக இருக்கையில் அழுகிய முட்டை நாற்றம் குடலைப் புரட்டும். பத்து லட்சத்தில் 100 பங்கை நெருங்கினால் மூக்கு மரத்துவிடும். ‘நாற்றம் போய்விட்டது’ என்று நிம்மதியடைகிறவர் அப்போதுதான் பெரிய ஆபத்தில் இருக்கிறார்.

முன்பே குறித்த எண்கள்

லவ் கனால் ரசாயனக் குப்பைக்கிடங்கு 1978-ல் அமெரிக்காவையே உலுக்கியது. அதன் விளைவாக 1980-ல், மாசடைந்த இடங்களைச் சீரமைப்பதற்கான சூப்பர்ஃபண்ட் சட்டம் வந்தது. பிறகு தொழிலாளர் பாதுகாப்பு விதிகளும் வந்தன. அவற்றின்படி, ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக எழுத்தில் பாதுகாப்புத் திட்டம் வேண்டும். நஞ்சு நிறைந்த பகுதியில் இறங்குபவருக்கு 40 மணி நேரப் பயிற்சியும், மேற்பார்வையில் 3 நாள் களப்பயிற்சியும் வேண்டும்.

நல்ல திட்டம் ரிக் வருவதற்கு முன்பே எண்களைக் குறித்துவிடும். முகத்தின் உயரத்தில் பிடித்த மீட்டர் எவ்வளவு காட்டினால் ஆவியை வடிகட்டும் மாஸ்க் போடுவது? எவ்வளவு காட்டினால் விலகி ஓடுவது? தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச ஆவி அளவில் 10 சதவீதம் வந்தாலே எஞ்சினை அணைக்கச் சொல்லும் திட்டங்கள் உண்டு. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் வடிகட்டும் மாஸ்க்கால் பயனில்லை. துணி மாஸ்க் எந்த ஆவியையும் தடுக்காது.

மற்றவையும் அதே காகிதத்தில் இருக்க வேண்டும். கேபிளும் குழாயும் எங்கே போகின்றன என்று விசாரித்து, முதல் சில அடிகளைக் கையால் தோண்டுவது. மின்கம்பியிலிருந்து ரிக் மாஸ்ட் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பது. கை கழுவி, மாசடைந்த பகுதியின் எல்லைக்கு வெளியே வந்த பிறகுதான் தண்ணீரோ பீடியோ என்பது. ரசாயன உடைக்குள் வெயிலில் வேகிறவருக்கு எப்போது ஓய்வு என்பது.

நிறுத்தினால் யாருக்கு நஷ்டம்?

மாசடைந்த இடங்களைக் கண்டறிந்து சீரமைக்க மத்திய அரசு 2025-ல் தனி விதிகள் வெளியிட்டிருக்கிறது. இனி இத்தகைய இடங்களில் ரிக்குகள் அதிகம் இறங்கும். ஆனால் அடிக்கணக்கில் காசு என்று ஒப்பந்தம் போட்டுவிட்டு, மீட்டர் கத்தினால் நிறுத்து என்று எழுதிவைத்தால் யார் நிறுத்துவார்கள்? வேலை நின்ற நாளுக்கு ரிக் வாடகையும் ஹெல்பரின் கூலியும் உண்டு என்று டெண்டரிலேயே எழுதட்டும். அந்த ஒரு வரி இல்லாத பாதுகாப்புத் திட்டம் ஃபைலில்தான் இருக்கும்.